கொடையும் உரிமையும்: ஜம்ஷெட்ஜி டாட்டாவின் உலகநோக்கு

செல்வந்தரின் வாழ்க்கை வரலாறு பெரும்பாலும் இரண்டு விதமாகவே சொல்லப்பட்டு வருகின்றது. ஒன்று பரிசளிப்பு விழா மேடைகளிற் சொல்லப்படுவது. விடாமுயற்சியும் சிக்கனமும் நன்னடத்தையும் வாய்ந்த ஒருவர் தம் உழைப்பினால் உயர்ந்தார். உயர்ந்தபின் நாட்டுக்கு வாரி வழங்கினார். மாணவர்களே, நீங்களும் அவ்வாறு ஆகுக என்பது அதன் சாரம். மற்றது இதனை வெறுத்தொதுக்கும் நம்மவரிற் சிலர் சொல்வது. முதலாளி எனப்படுபவர் பிறர் உழைப்பைச் சுரண்டுபவர். அவர் எதனை நினைத்தார், எதனைக் கனவு கண்டார் என்பதெல்லாம் வேண்டாத ஆராய்ச்சி என்பது இவர்தம் முடிபு. முன்னையது வரலாற்றை நீதிக்கதையாக்கி விடுகின்றது. பின்னையது அதனை வாய்பாடாக்கி விடுகின்றது. இரண்டிலும் நாம் அறியவேண்டியது எஞ்சியே நிற்கின்றது.

ஒரு வர்க்கம் வளர்ச்சி பெறும் காலத்தில் அவ்வர்க்கத்தின் தலைசிறந்த மனிதர் உலகை எவ்வாறு நோக்கினர்? உழைப்பு என்றும் வெற்றி என்றும் சமூகம் என்றும் அவர் எவற்றைக் கருதினர்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு இந்தியக் கைத்தொழிலின் முன்னோடி எனப் போற்றப்படும் ஜம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாட்டாவின் வாழ்வு மிகப் பொருத்தமானது. மிகக் கொடிய முதலாளி ஒருவரை எடுத்துக்கொண்டு முதலாளித்துவத்தின் குறையைக் காட்டுவது எளிது. தம் வர்க்கத்தாருள் அறிவாலும் பரிவாலும் முன்னின்ற ஒருவரை எடுத்துக்கொண்டு, அவரது நோக்கு எவ்வளவு தூரம் சென்றது, எவ்விடத்தில் நின்றது என்று காண்பதே பயனுள்ள முயற்சியாகும்.

ஜம்ஷெட்ஜி 1839ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3ஆந் திகதி, பரோடா சமஸ்தானத்தைச் சேர்ந்த நவசாரியிலே, பார்சிப் புரோகிதர் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் நசர்வான்ஜி குலத்தொழிலை விட்டுப் பம்பாய் சென்று வணிகத்தில் ஈடுபட்டவர். மகன் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியிற் கற்று 1858இல் வெளியேறினார். முந்திய ஆண்டில் மூண்ட பேரெழுச்சி வட இந்தியாவில் அடக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. கம்பெனி ஆட்சி நீங்கிப் பிரித்தானிய முடியின் நேரடி ஆட்சி நிறுவப்பட்ட ஆண்டும் அதுவே. துப்பாக்கிப் புகை அடங்குமுன்னரே பம்பாய்த் துறைமுகம் புதிய வணிகத்துக்குத் திறந்து கிடந்தது.

அவ்வணிகத்தின் இயல்பை நாம் மறைத்தல் கூடாது. ஜம்ஷெட்ஜி இளமையில் ஹொங்கொங் சென்று கவனித்த குடும்ப வணிகத்திற் பருத்தியோடு அபினும் இடம்பெற்றிருந்தது. சீன மக்களைச் சீரழித்த அவ்வணிகம் அன்று பிரித்தானிய அரசின் அனுமதியும் பாதுகாப்பும் பெற்ற ஒன்று. பம்பாயின் பெருவணிகர் பலர் அதில் ஈடுபட்டிருந்தனர். 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தபோது இலங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வருவது தடைப்பட்டது. பம்பாயிற் பருத்தி விலை வானளாவ உயர்ந்தது. போர் முடிந்ததும் விலை வீழ்ந்தது. அதனோடு பல வணிக நிலையங்களும் வீழ்ந்தன. டாட்டா குடும்பமும் பேரிழப்புக்கு உள்ளாகியது. அக்குடும்பத்தை மீட்டெடுத்தது இன்னொரு போர். 1868இல் அபிசீனியாமீது படையெடுத்த நேப்பியரின் சேனைக்குப் பொருள் வழங்கும் ஒப்பந்தத்தில் நசர்வான்ஜியும் பங்குகொண்டு பெரும் இலாபம் ஈட்டினார். அதே ஆண்டில் ஜம்ஷெட்ஜி 21,000 ரூபா மூலதனத்துடன் தமது சொந்த வணிக நிலையத்தைத் தொடங்கினார்.

இதனைக் கூறுவது அவரை இழிவுபடுத்துவதற்கன்று. தனிமனிதரின் உழைப்பும் சிக்கனமும் மட்டுமே மூலதனத்தைப் படைத்துவிடுவதில்லை என்பதை உணர்வதற்கேயாம். உலகச் சந்தையும் ஏகாதிபத்தியப் போர்களும் அபினும் பருத்தியும் சேர்ந்து பம்பாயில் ஒரு செல்வத் தொகுதியைத் திரட்டின. அச்செல்வத்தை மற்றையோரினும் வேறான வழியிற் பயன்படுத்தியமையே ஜம்ஷெட்ஜியின் சிறப்பு. அவரது காலத்துப் பெருவணிகர் பலர் வாங்கி விற்றலோடு அமைந்தனர். அல்லது ஊகவணிகத்தில் மூழ்கினர். ஜம்ஷெட்ஜியோ வணிக மூலதனத்தைக் கைத்தொழில் மூலதனமாக மாற்றினார். வரலாற்று நோக்கில் இது சிறிய செயலன்று.

1869இல் அவர் பம்பாய்ச் சிஞ்ச்போக்ளியிலே நொடித்துப்போன எண்ணெய் ஆலையொன்றை வாங்கி நூற்பாலையாக மாற்றி, இரண்டாண்டுகளின் பின் இலாபத்துடன் விற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று இலங்காஷயரின் ஆலைகளை நேரிற் கண்டார். அடுத்த ஆலையைப் பம்பாயில் அமைக்காது நாகபுரியில் அமைத்தமை அவரது சிந்தனையின் போக்கைக் காட்டுகின்றது. பருத்தி விளையும் நிலம், நிலக்கரி, புகையிரதப் பாதை, துணி விற்கும் சந்தை ஆகிய நான்கும் அங்கே அணித்தாயிருந்தன. அவ்வாலை 1877ஆம் ஆண்டு ஜனவரி 1ஆந் திகதி திறக்கப்பட்டது. விக்டோரியா அரசி இந்தியாவின் பேரரசியாகத் தில்லியிற் பிரகடனப்படுத்தப்பட்ட அதே நாளில், அப்பேரரசியின் பெயராலேயே 'எம்பிரஸ் ஆலை' எனப் பெயர் பெற்றது. ஒன்பது ஆண்டுகளின் பின், 1886இல், குர்லாவிலிருந்த ஆலையொன்றை வாங்கியபோது அதற்கு அவர் இட்ட பெயர் 'சுதேசி ஆலை'. பேரரசியின் பெயரிலிருந்து சுதேசியத்தின் பெயருக்குச் சென்ற இத்தூரம் ஒரு தனிமனிதரின் மனமாற்றம் மாத்திரமன்று. ஆளவந்தோரின் நிழலில் வளர்ந்து, அந்நிழலே தன் வளர்ச்சிக்குத் தடையாவதை உணரத் தொடங்கிய ஒரு வர்க்கத்தின் பயணமும் அதுவாகும்.

நாகபுரியிலே உழைப்பைப் பற்றிய அவரது கருத்து உருப்பெற்றது. அக்காலத்தில் இந்திய ஆலை முதலாளிகளிடையே நிலவிய எண்ணம் எளிமையானது. கூலி மலிவாகக் கிடைக்கின்றது. ஒருவன் போனால் மற்றொருவன் வருவான். ஆகவே அவனைப் பற்றிக் கவலைப்பட வேண்டுவதில்லை. ஜம்ஷெட்ஜி இக்கணக்குத் தவறானது எனக் கண்டார். ஆலைக்கு வந்தவர் பெரும்பாலும் கிராமத்து மக்கள். இயந்திரத்தின் ஒழுங்குக்குப் பழகாதவர். அடிக்கடி வேலைக்கு வராது நின்றனர். அவர்களைத் தண்டித்துப் பயனில்லை என்றுணர்ந்த அவர், ஆலையினுள் வெம்மையைத் தணித்துக் காற்றை ஈரமாக்கும் கருவிகளையும் தீயணைக்கும் ஏற்பாடுகளையும் அமைத்தார். ஒழுங்காக வந்தோர்க்குப் பரிசில் வழங்கினார். 1886இல் ஓய்வூதிய நிதியும், 1895இல் விபத்து நட்டஈடும் அங்கு ஏற்பட்டன. விபத்து நட்டஈடு பற்றிய சட்டம் இந்தியாவில் 1923இலேயே இயற்றப்பட்டது என்பதை நோக்கும்போது இதன் முக்கியத்துவம் புலனாகும். இயந்திரத்தைப் பொறுத்தும் அவர் இவ்வாறே முன்சென்றார். புதிய வளைய நூற்புக் கதிர்களை இலங்காஷயரே ஐயத்துடன் நோக்கிய காலத்தில் அவற்றை நாகபுரியிற் சோதித்து ஏற்றுக்கொண்டார்.

ஆகவே ஜம்ஷெட்ஜியின் நோக்கில் இயந்திரமும் தொழிலாளியும் ஒரே கணக்கின் இரு பகுதிகளாயினர். இரண்டையும் நன்கு பேணினால் இரண்டும் நன்கு பயன்தரும். தொழிலாளரின் நலத்தைத் தருமமாகக் கருதாது, நல்ல நிருவாகத்தின் அடிப்படையாக அவர் கருதினார் என்பதை அவரைப் புகழ்வோரே எடுத்துக்காட்டுவர். அப்புகழ்ச்சி நியாயமானதே. ஆயின் அதற்குள்ளேயே அந்நோக்கின் எல்லையும் அடங்கியிருக்கின்றது. இயந்திரம் பேசாது, தொழிலாளி பேசுவான்.

அவன் பேசவுஞ் செய்தான். எம்பிரஸ் ஆலை திறந்த அதே 1877ஆம் ஆண்டில், கூலி விகிதம் குறித்து அங்கே ஒரு வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. இந்திய ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தங்களுள் முதன்முதலிற் பதிவானவற்றுள் ஒன்றாகத் தொழிலாளர் வரலாற்றாசிரியர் அதனைக் குறிப்பிடுவர். 1884இலே பம்பாயில், ஜோதிராவ் பூலேயின் தோழரான நாராயண் மேகாஜி லோகண்டே ஆலைத் தொழிலாளரைத் திரட்டினார். வாரத்தில் ஒருநாள் ஓய்வு, நண்பகலில் அரைமணி நேர இடைவேளை, காலந்தவறாத கூலி, காயமுற்றோர்க்கு நட்டஈடு என்பன அவர்தம் கோரிக்கைகள். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் அம்மனுவிற் கைச்சாத்திட்டனர். வாராந்த விடுமுறை 1890இற் கிடைத்தது. அதாவது, நாகபுரியில் விபத்து நட்டஈடு வழங்கப்பட்ட 1895ஆம் ஆண்டுக்குப் பதினோராண்டு முன்னரே, அதனைத் தமக்கு உரியதாகத் தொழிலாளர் கேட்டுவிட்டனர். அக்கோரிக்கைதான் அவ்வுதவியைப் பிறப்பித்தது என நாம் கூறவில்லை. முதலாளியின் தொலைநோக்கிலிருந்து மட்டுமே தொழிலாளர் நலம் என்னும் எண்ணம் பிறந்தது என்று கூறுவது வரலாறாகாது என்பதே நாம் கூறுவது.

இனி வெற்றி பற்றிய அவரது கருத்தை நோக்குவோம். பணம் சேர்ப்பதையே வெற்றியாகக் கொண்டிருப்பின் அவர் பஞ்சாலைகளோடு நின்றிருக்கலாம். அவர் நிற்கவில்லை. பம்பாயிலிருந்து சீனாவுக்கும் யப்பானுக்கும் செல்லும் சரக்குகளுக்கு பி. அன்ட் ஓ. கப்பற் கம்பெனி அறவிட்ட கட்டணம் இந்திய நூலின் விலையை உயர்த்தியது. 1893இல் அவர் யப்பான் சென்று, நிப்பன் யூசென் கைசாவுடன் உடன்பாடு செய்து போட்டிக் கப்பல் சேவையொன்றைத் தொடங்கினார். பழைய கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தது. குறைந்த கட்டணத்தைக் கண்ட பம்பாய் வணிகர் அதன்பக்கமே திரும்பினர். டாட்டாவின் சேவை முடங்கியது. 1896இல் இந்திய ஆலைத்துணிமீது அரசாங்கம் 3.5 வீத உற்பத்தி வரி விதித்தது. வருவாய் தேவை என்று காரணம் கூறப்பட்டாலும், இலங்காஷயர் முதலாளிகளின் நெருக்குதலே அதன் பின்னின்றது. ஜம்ஷெட்ஜி அவ்வரியை எதிர்த்து எழுதினார். அடிமைப்பட்ட நாட்டிலே முதலாளியும் முழுச் சுதந்திரம் உடையவனல்லன் என்பதை இவ்வனுபவங்கள் அவருக்கு உணர்த்தியிருத்தல் வேண்டும். நாட்டின் கைத்தொழில் வலிமையே தமது வெற்றி என்று அவர் கருதியமைக்கு இதுவே பொருளியல் அடிப்படை. தேசிய முதலாளி வர்க்கம் எனப்படுவது தேசியமாவது நற்குணத்தினாலன்று, சந்தையினாலேயாம். ஆயினும் அச்சந்தையின் தேவையை நாட்டின் தேவையாகக் காணும் விரிவு அவரிடம் இருந்தது, எல்லாரிடமும் இருந்ததன்று.

சமூகத்தைப் பற்றிய அவரது சிந்தனையே நம் ஆசிரியர்களும் மாணவர்களும் சிறப்பாக ஆராயவேண்டியது. வறியோர்க்கு அன்னமிடுவதும் ஆடை வழங்குவதும் நல்லனவே எனினும், நாட்டை முன்னேற்றுவதற்கு அவை போதா என அவர் கருதினார். நலிந்தோரைத் தாங்கிப் பிடிப்பதைக் காட்டிலும், திறமை மிக்கோரை உயர்த்துவதே ஒரு சமுதாயத்தை உயர்த்தும் வழி என்பது அவரது கொள்கை. அதற்கிணங்க 1892இல் உயர்கல்விக்காக வெளிநாடு செல்லும் மாணவர்க்குக் கடனுதவும் நிதியொன்றை நிறுவினார். 1898இல் விஞ்ஞான ஆராய்ச்சிக்கான பல்கலைக்கழகமொன்றை அமைப்பதற்காகப் பம்பாயிலிருந்த தமது சொத்துக்களில் 30 இலட்சம் ரூபா பெறுமதியானவற்றை அளிக்க முன்வந்தார். கேர்சன் பிரபு அத்திட்டத்தை ஐயத்துடன் நோக்கினார். ஆண்டுகள் கடந்தன. மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் வழங்க, பெங்களூரிலே இந்திய விஞ்ஞானக் கழகம் 1909இல் நிறுவப்பட்டது. அதனைக் காண ஜம்ஷெட்ஜி உயிரோடில்லை. 1904ஆம் ஆண்டு மே மாதம் 19ஆந் திகதி ஜேர்மனியிற் காலமானார்.

கோயிற் கோபுரங்களுக்கும் குடும்ப விழாக்களுக்கும் செல்வத்தைச் செலவிட்ட ஒரு சமூகத்திலே, ஆய்வுகூடத்துக்குச் செல்வத்தை அளித்தமை புரட்சிகரமான செயல் என்பதில் ஐயமில்லை. எனினும் அவரது கொள்கையை நாம் வினாவுக்கு உட்படுத்தல் வேண்டும். திறமை மிக்கோர் யார்? எழுத்தறிவு பெறும் வாய்ப்பே ஒருசிலர்க்கு மட்டும் கிட்டிய நாட்டில், கல்லூரிவரை ஏறிவந்தவருள் திறமையைத் தேடுவது ஏற்கெனவே வடிகட்டப்பட்டவருள் தேடுவதேயாகும். நாகபுரி ஆலையிற் கழிவுப் பஞ்சைப் பொறுக்கிய சிறுவனுடைய திறமையை எந்நிதி கண்டெடுக்கும்? 1881ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுச் சிறுவரை ஆலையில் அமர்த்த இடமளித்தது. பன்னிரண்டு வயதுவரை நாளொன்றுக்கு ஒன்பது மணிநேரம் வேலை வாங்கலாம் என்றது. உச்சியிலிருந்து ஒளி கீழே இறங்கும் என்ற நம்பிக்கை அக்காலத் தாராளவாதிகள் பலர்க்கும் பொதுவானது. விஞ்ஞானிகள் உருவாயினர் என்பது மெய். அவர்களால் நாடு பயன்பெற்றதும் மெய். ஆயின் அடித்தளத்து மக்களின் கல்வி அவர்களின் நிழலில் தானாக வளர்ந்துவிடவில்லை என்பதும் மெய்யே.

அவர் கண்ட கனவுகளுட் பெரியது இரும்புருக்கு ஆலை. 1882இல், மத்திய மாகாணத்து இரும்புத்தாது பற்றிய ஜேர்மன் நிபுணர் ஒருவரின் அறிக்கையை வாசித்த நாள்முதல் அவ்வெண்ணம் அவரைவிட்டு அகலவில்லை. முதுமையில் அமெரிக்கா சென்று உருக்காலைகளைப் பார்வையிட்டு, சார்ள்ஸ் பேஜ் பெரின் என்னும் பொறியியலாளரைத் துணைக்கொண்டார். 1904இல் மயூர்பஞ்ச் சமஸ்தானத்து இரும்புத்தாதுபற்றிப் புவியியலாளர் பி. என். போஸ் அறிவித்தார். தந்தையின் மறைவின் பின் மகன் டோராப்ஜியும் உறவினரும் முயற்சியைத் தொடர்ந்தனர். இலண்டனிற் பணம் திரட்ட முயன்று பயனின்றிப் போகவே, இந்திய மக்களிடம் வந்தனர். 1905ஆம் ஆண்டு வங்கப் பிரிவினையை எதிர்த்தெழுந்த சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவியிருந்த காலம். 1907இல் ஏறத்தாழ எண்ணாயிரம் இந்தியர் மூன்று வாரங்களுள் 16 இலட்சத்து 30 ஆயிரம் பவுண் மூலதனத்தை அளித்தனர். வீதியில் அந்நியத் துணியை எரித்த மக்களின் உணர்ச்சியே இவ்வாலைக்குப் பணமாக வந்தது எனின் மிகையாகாது. டாட்டாவின் வெற்றியென நாம் வாசிப்பதில் இவ்வெகுசன இயக்கத்தின் பங்கு எழுதப்பட வேண்டும்.

சுவர்ணரேகா, கர்காய் ஆறுகள் கூடுமிடத்திலிருந்த சாக்சி என்னும் சிற்றூரில் ஆலை எழுந்தது. 1912 பெப்ரவரியில் முதல் உருக்கு வார்க்கப்பட்டது. 1919இல் அவ்வூர் ஜம்ஷெட்பூர் எனப் பெயர்பெற்றது. அந்நகர் எவ்வாறு அமையவேண்டும் என்று ஜம்ஷெட்ஜி 1902இலேயே மகனுக்கு எழுதியிருந்தார். அகன்ற வீதிகளும் விரைந்து வளரும் நிழல் மரங்களும், புற்றரைகளும் பூங்காக்களும், உதைபந்தாட்டத்துக்கும் ஹொக்கிக்கும் திடல்களும் வேண்டும். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கிறித்தவர்க்கும் வழிபாட்டுக்கு இடம் ஒதுக்கல் வேண்டும் என்பது அக்கடிதத்தின் கருத்து. தொழிலாளர் சேரிகளிலே சாக்கடையோரம் கிடந்த காலத்தில் எழுதப்பட்ட இக்கடிதம் ஓர் உயர்ந்த மனத்தின் சான்றாகும்.

ஆயினும் அந்நிலத்திலே முன்னரே மக்கள் வாழ்ந்தனர். சந்தால், ஹோ, முண்டா முதலிய ஆதிவாசிகளின் நிலம் அது. அவர்களது வழிபாடு சாலமரத் தோப்பிலே நிகழ்வது. அத்தோப்புக்குக் கடிதத்தின் பட்டியலில் இடமில்லை. கடிதம் எழுதியபோது ஆலை எங்கே அமையும் என்பது ஜம்ஷெட்ஜிக்குத் தெரியாது. ஆகவே இதனை அவர்மீது குற்றமாகச் சுமத்துதல் நேர்மையன்று. எந்த நிலமாயினும் அது திட்டம் போடுவோர்க்கு வெறுநிலமாகவே தோன்றும் என்பதுதான் இங்கு கருதத்தக்கது. 1894ஆம் ஆண்டின் நிலம் சுவீகரிப்புச் சட்டத்தின் துணையோடு ஊர்கள் ஆலைக்கும் நகருக்குமாக மாறின. நிலத்திற் பயிரிட்டோர் ஒப்பந்தக் கூலிகளாயினர். ஆதிவாசிப் பெண்கள் தாதையும் மண்ணையும் தலையிற் சுமந்தனர். உயர்பதவிகளில் அமெரிக்கரும் ஐரோப்பியரும் இருந்தனர். அவர்கள் சம்பளத்துக்கும் இந்தியத் தொழிலாளியின் கூலிக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருந்தது.

ஜம்ஷெட்ஜியின் மரபைப் பின்பற்றி ஆலையில் 1912 முதல் எட்டுமணிநேர வேலை நடைமுறைக்கு வந்தது. ஆண் தொழிலாளர்க்குப் பஞ்சாலைகளில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரமே சட்டத்தின் எல்லையாயிருந்த காலம் அது. வாரம் 48 மணிநேரம் என்ற எல்லையை இந்தியச் சட்டம் 1948இலேயே ஏற்றது. 1915இல் இலவச வைத்தியம் வந்தது. நலத்திட்டங்கள் குறித்து இங்கிலாந்தின் ஃபேபியன் அறிஞரான சிட்னி வெப், பியாற்றிஸ் வெப் முதலியோரின் ஆலோசனையும் பெறப்பட்டது. இவை எல்லாம் இருந்தும் 1920 பெப்ரவரியில் வேலைநிறுத்தம் வெடித்தது. முதலாம் உலகப்போரிலே மெசப்பொத்தேமியப் போர்முனைக்குத் தண்டவாளம் வழங்கி ஆலை செழித்திருந்தது, விலைவாசி ஏறியிருந்தது, கூலி அதனுடன் ஏறவில்லை. தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற் சிலர் உயிரிழந்தனர். நிழல் மரங்கள் நிறைந்த நகரிலே இரத்தம் சிந்தியது.

அதே 1920ஆம் ஆண்டிலேயே சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் சேமலாப நிதியும் ஜம்ஷெட்பூரில் வழங்கப்பட்டன. கம்பெனியின் வரலாற்றிலே இவை முதலாளியின் முன்யோசனைக்குச் சான்றாக எழுதப்படும். தொழிலாளரின் வரலாற்றிலோ இவற்றுக்கு அருகில் வேலைநிறுத்தத்தையும் எழுதவேண்டும். 1922இல் மீண்டும் ஒரு மாதத்துக்கு மேலாக வேலைநிறுத்தம் நடந்தது. 1924இல் இந்திய உருக்குக்குப் பாதுகாப்பு வழங்கும் சட்டம் தில்லிச் சட்டசபைக்கு வந்தபோது, மக்களின் வரிப்பணத்தாற் பாதுகாக்கப்படும் ஆலையில் மக்களின் நிலை என்ன என்ற வினா எழுந்தது. 1925 ஓகஸ்டிற் காந்தியடிகள் ஜம்ஷெட்பூர் சென்ற பின்னரே சங்கத்தைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. விலக்கப்பட்டிருந்த சங்கச் செயலாளர் மீண்டும் வேலையிற் சேர்க்கப்பட்டார். நலன்களைக் கேளாமலே கொடுத்த நிறுவனம், கேட்கும் உரிமையைக் கொடுப்பதற்கு ஐந்தாண்டுகள் தயங்கியது! 1928இல் ஆட்குறைப்பை எதிர்த்து மாதக்கணக்கில் நீடித்த பெரும் போராட்டம் எழுந்தது. சுபாஷ் சந்திர போஸ் அதில் தலையிட்டு உடன்பாடு கண்டார். மகப்பேற்று உதவி அங்கு வந்த ஆண்டும் 1928 என்பது மனங்கொளத்தக்கது.

இவ்விடத்தில் ஜம்ஷெட்ஜியின் உலகநோக்கின் எல்லை தெளிவாகின்றது. அவர் தொழிலாளிக்கு வீடு வேண்டும் என எண்ணினார். மருந்து வேண்டும், விளையாட்டு வேண்டும், கடவுளை வணங்க இடம் வேண்டும் என எண்ணினார். தொழிலாளர் கூடித் தம்மிடையே ஆலோசித்துத் தம் நிலையைத் தாமே தீர்மானிக்க ஒரு மண்டபம் வேண்டும் என்பது அந்நோக்கினுள் அடங்கவில்லை. நகரத்தின் ஆட்சியிலும் இதனைக் காணலாம். ஜம்ஷெட்பூர் 1924 முதல் நியமனக் குழுவொன்றின் கீழ் இருந்தது. நீரும் மின்சாரமும் தெருவும் பிற நகரங்கள் பொறாமை கொள்ளுமாறு கிடைத்தன. மக்கள் வாக்களித்துத் தெரிந்தெடுக்கும் மாநகராட்சி மட்டும் இருபதாம் நூற்றாண்டு முடியும்வரை கிடைக்கவில்லை.

ஜம்ஷெட்ஜியின் மற்றொரு கனவான நீர்மின்சாரத்தின் வரலாறும் இதனையே கூறும். மேற்குத்தொடர்ச்சி மலையில் மழைநீரைத் தேக்கிப் பம்பாய் ஆலைகளுக்குப் புகையற்ற மின்விசை வழங்குவது அவரது எண்ணம். 1915இல் அது நிறைவேறியது. பின்னர் புனேக்கு அண்மையில் முல்ஷியிலே புதிய அணை எழுந்தபோது, ஐம்பது வரையான ஊர்கள் நீரில் மூழ்கும் நிலை ஏற்பட்டது. 1921இல் அவ்வூர்களின் உழவர், சேனாபதி பாபட் தலைமையிற் சத்தியாக்கிரகத்தில் இறங்கினர். நிலத்துக்கு உரிமை பெற்றிருந்த வட்டிக்காரரும் நிலக்கிழாரும் பணத்தை வாங்கிக்கொண்டு ஒதுங்கினர். நிலத்தில் உழைத்தவர் போராடிச் சிறை சென்றனர். 1924இல் போராட்டம் தோல்வியுற்றது, அணை நிலைத்தது. அந்நியன் கட்டிய அணையன்று அது. சுதேசி மூலதனம் கட்டிய அணை. நாட்டின் நலன் என்ற சொல்லுக்குள் யாருடைய நலன் அடங்குகின்றது, யாருடைய நிலம் மூழ்குகின்றது என்ற வினாவை முல்ஷி உழவர் அன்றே எழுப்பினர். 2006ஆம் ஆண்டு ஜனவரி 2ஆந் திகதி ஒடிசாவின் கலிங்கநகரில், டாட்டா உருக்காலைக்கென ஒதுக்கிய நிலத்தில் மதிலெழுப்பும் வேலையை எதிர்த்த ஆதிவாசிகள் பத்துக்கு மேற்பட்டோர் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தபோது, அவ்வினா எண்பத்தைந்து ஆண்டுகளாக விடையின்றி நின்றமை தெரிந்தது.

இவ்வளவும் கூறியபின் ஒரு தடையை எதிர்நோக்க வேண்டும். பிற முதலாளிகள் இவ்வளவுதானும் செய்தனரா என்று வினவுவோர் உளர். செய்யவில்லை என்பதே விடை. இன்றும் டாட்டா நிறுவனங்களின் தலைமைக் கம்பெனியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அறநிதிகளின் உடைமையாக இருக்கின்றது. புற்றுநோய் வைத்தியசாலையும் சமூக விஞ்ஞானக் கழகமும் அடிப்படை ஆராய்ச்சி நிலையமும் அந்நிதிகளின் பயனால் எழுந்தன. இவற்றை மறைப்பவர் உண்மையின் நண்பராகார். ஆயின் நல்ல முதலாளி ஒருவர் உளர் என்பதனால் முதலாளி-தொழிலாளி உறவின் தன்மை மாறிவிடுவதில்லை. கொடை கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. அவர் மாறலாம், அவர் மகன் மாறலாம், சந்தை வீழ்ச்சியுறும்போது இருவருமே மாறலாம். உரிமை அவ்வாறன்று. சட்டமாகவும் சங்கமாகவும் வேரூன்றிய உரிமை, நல்லவர் காலத்திலும் தீயவர் காலத்திலும் ஒரேவிதமாக நிற்கும். எட்டுமணிநேர வேலை ஜம்ஷெட்பூரில் 1912இல் வந்தது. அது இந்தியாவின் மற்றைத் தொழிலாளரை அடைவதற்கு முப்பத்தாறு ஆண்டுகளும் எண்ணற்ற போராட்டங்களும் தேவைப்பட்டன. முன்மாதிரி தானாகப் பரவவில்லை. மக்கள் அதனைப் பரப்பினர்.

ஆகவே ஜம்ஷெட்ஜியின் வரலாற்றை நம் வகுப்பறைகளிற் கற்பிக்கலாம், கற்பிக்கவும் வேண்டும். வணிகச் செல்வத்தைக் கைத்தொழிலாக மாற்றிய துணிவையும், விஞ்ஞானத்தில் வைத்த நம்பிக்கையையும், தொழிலாளியின் வாழ்விடம் பற்றிய அக்கறையையும் மாணவர் அறியட்டும். அதே பாடத்தில், 1877இல் நாகபுரியில் வேலையை நிறுத்தியவரும், 1884இல் மனுவிற் கைச்சாத்திட்டவரும், முல்ஷியிற் சிறை சென்றவரும், சாக்சியில் தாது சுமந்த பெண்களும் இடம்பெறட்டும். அவர்களுட் பலரின் பெயர்கள் எந்த நகருக்கும் இடப்படவில்லை. உருக்காலையைக் கனவுகண்டவர் ஒருவர். அதனைக் கட்டியவர் பல்லாயிரவர். இவ்விரண்டையும் ஒருங்கே சொல்லும் வரலாறே மாணவர்க்கு உழைப்பின் மதிப்பையும் உரிமையின் விலையையும் உணர்த்தவல்லது.